வேண்டுதல் இல்லாத வேஷம்

அண்ணா,

இன்று காலை அடுப்படியில் நின்றபோது வீடு முழுக்க ரப்பர் சொல்யூஷன் வாசனை. ஒரு நிமிஷம், திண்டிவனத்திலிருந்து முதல் பஸ் பிடித்து நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்துவிட்டேன். உன் சட்டையில் எப்போதும் அந்த வாசனை இருக்கும். பஞ்சர் கடைக்காரர்கூட உன் அளவுக்கு அதை வாங்கியிருக்க மாட்டார். அறையை எட்டிப் பார்த்தால், உன் மருமகள், என் பெண், தரையில் பழைய பேப்பரை விரித்து, கறுப்பு ஷீட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். தோள் கவசமாம். அவளுடைய கல்லூரியில் அடுத்த மாதம் விழா. கோலப் போட்டி, மெஹந்திப் போட்டி, அடுப்பில்லாச் சமையல் என்று போகிற நோட்டீஸில் ‘காஸ்ப்ளே’ என்றும் ஒரு வரி போட்டிருக்கிறார்கள்.

நீ இத்தனை வருஷம் செய்த வேலைக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது, அண்ணா. கார்ட்டூனிலோ கேமிலோ வருகிற ஒருவரைப் போல உடுப்பும் கவசமும் தானே செய்து போட்டுக்கொண்டு நிற்பதற்கு அந்தப் பெயர். மயிலம் போகிற பஸ்ஸில் அட்டை வாளோடு பிள்ளைகள் ஏறுகிறார்கள், கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சாயம் போட்ட தலைமுடி டோப்பா வீட்டு வாசலுக்கே கூரியரில் வந்து இறங்குகிறது. உனக்கு அந்தத் தலைமுடிக்காகச் சணல் கயிற்றைப் பிரித்து, வாளியில் சாயம் காய்ச்சி, அம்மாவின் கையில் திட்டு வாங்கியது ஞாபகம் இருக்கும்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நேற்று பெரியம்மா காணையிலிருந்து வந்திருந்தாள். எல்லாருக்கும் முன்னால் நான் ஒன்று பேசிவிட்டேன். அது உனக்கு நல்லதா கெட்டதா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. அலுப்பாக இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேள்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் தெருவுக்குத் தெரு கேபிள் ஒயர் இழுத்தபோது நீ ஒரு கேபிள் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாய். ஆபீஸ் என்றால் மாடியில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே நாலைந்து டி.வி. பெட்டி, வெளியே வானத்தைப் பார்த்த டிஷ். நான் அதற்கு முந்தைய வருஷம்தான் கல்யாணம் ஆகி விழுப்புரம் வந்திருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அந்த மாடிக்கு ஏறுவேன். நாள் முழுக்க உனக்கு வாய் ஓயாது. படம் தெரியவில்லை என்று ஒருவர், மேட்ச் நடுவில் லைன் போய்விட்டது என்று ஒருவர், சந்தா கேட்டால் சண்டைக்கு வருகிறவர் ஒருவர். எல்லாருக்கும் நீ பதில் சொல்லிக்கொண்டே இருப்பாய்.

மத்தியானத்தில் டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு வெளிநாட்டுச் சேனல் மாட்டியது. எழுத்தும் புரியாது, பேச்சும் புரியாது. அதில் ஒரு கார்ட்டூன். நீல முகத்தோடு ஒரு வீரன், தலையில் கிரீடம் மாதிரி உயரமான கவசம், முதுகில் சிவப்புத் துணி, கையில் நீளமான வாள். மலையடிவாரத்தில் ஒரு ஊர், அந்த ஊர் வாசலில் அவன் நிற்பான். அவ்வளவுதான். எதிரி வந்தால்தான் வாளை எடுப்பான், இல்லையென்றால் மழையிலும் வெயிலிலும் நிற்பான். எனக்கு ஒரே போர். நீ சோற்றைப் பிசைந்த கையோடு பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அவன் பேசறதே இல்லம்மா,” என்று சொன்னாய். “நிக்கிறான் பாரு. ஒரு நாளு அது மாதிரி நிக்கணும்.”

சில மாதத்தில் அந்தச் சேனல் காணாமல் போய்விட்டது. நீ டிஷ்ஷை எந்தப் பக்கமெல்லாமோ திருப்பிப் பார்த்தாய், கிடைக்கவில்லை. அந்த வீரனின் பெயர்கூட நமக்குத் தெரியாது. நாமாக வைத்துக்கொண்டதுதான் நீலன்.

பிறகு நீ செய்ய ஆரம்பித்தாய். டி.வி. கடையில் தூக்கிப்போடும் தெர்மாகோலைக் கேட்டு வாங்கிவந்து தலைக்கவசம் செதுக்கினாய். செருப்புத் தைக்கிறவரிடம் ரப்பர் ஷீட் வாங்கி மார்க்கவசம். முகத்துக்கு என்ன பூசுவது என்று தெரியாமல், முகப் பவுடரில் தேங்காயெண்ணெயும் துணிக்குப் போடும் சொட்டு நீலமும் கலந்து பூசிப் பார்த்தாய். அது என்ன தேய்த்தும் போகவில்லை. ஒரு வாரம் காதோரத்தில் நீலத்தோடு சந்தா வசூலுக்குப் போனாய். யாரோ, உனக்கு உடம்பில் ஏதோ நோவு என்று அம்மாவிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள்.

வேஷம் முழுதாகி முடிந்தது மாசி மாதத்தில். அதுதான் தப்பாகிப் போனது. நீ நாள் பார்த்தா செய்தாய்? முடிந்தது, போட்டுப் பார்க்க ஆசை, பஜாரில் உன் சிநேகிதனின் ஸ்டூடியோவில் நின்று ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காக நீல முகமும் கிரீடமும் சிவப்புத் துணியும் வாளுமாக வீட்டை விட்டுத் தெருவில் இறங்கினாய். அன்று மயானக் கொள்ளை.

நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. மாசி மயானக் கொள்ளைக்கு, வேண்டிக்கொண்டவர்கள் முகத்தில் சாயம் பூசி, கிரீடம் வைத்து, காளி வேஷம் கட்டிக்கொண்டு ஊர்வலமாகச் சுடுகாட்டுக்குப் போவார்கள். உடம்பு தேற, கடன் அடைய, பிள்ளை பிறக்க என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல். நீ பஜார் முனை திரும்பவில்லை, அதற்குள் ஒரு அம்மா குடத்துத் தண்ணீரை உன் காலில் ஊற்றி மஞ்சள் தடவிவிட்டாள். இன்னொருத்தி உன் வாள் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தினாள். ஊர்வலத்துக்கு எறிகிற மல்லாட்டைக் கடலையும் கேப்பையும் உன் மேல் வந்து விழுந்தன. என்னப்பா வேண்டுதல் என்று கேட்டார்கள்.

“வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்றாய்.

அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது, அதனால்தான் பையன் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கமும் கொடுத்தார்கள். அன்றைக்கு உன்னைச் சுற்றி விழுந்த முடிச்சு அதுதான், அண்ணா. இருக்கிறது என்றாலும் இருக்கிறது, இல்லை என்றாலும் இருக்கிறது. அதற்குப் பிறகு நீ எத்தனை தடவை இல்லை என்று சொல்லியிருப்பாய், ஒவ்வொரு தடவையும் அது இன்னும் இறுகித்தான் போனது.

ஸ்டூடியோவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன வயசுப் பெண் ஈரப் புடவையோடு உன் முன்னால் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். பிள்ளை இல்லாதவர்கள் அப்படிப் படுப்பார்கள், காளி தாண்டிப் போனால் வயிறு திறக்கும் என்று நம்பிக்கை. நீ நின்றுவிட்டாய். தாண்டுப்பா, தாண்டுப்பா என்று சுற்றிலும் குரல். அவள் எழுந்திருக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் நீ தாண்டினாய். போட்டோ எடுக்காமலே சந்து வழியாக வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாய்.

இதெல்லாம் நீ எனக்குச் சொன்னது மறுநாள். விழுப்புரத்துக்கு பஸ் ஏறி வந்து, என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாய். உனக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது. பெரியம்மா காணையிலிருந்து ஆள் மூலம் என் மாமியாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணமாகி இத்தனை நாளாகியும் தங்கச்சி வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று அண்ணன்காரன் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேஷம் கட்டியிருக்கிறான் என்று. அன்று காலையில் என் மாமியார் எனக்குத் தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். அதுவரை அந்த வீட்டில் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது வேறு.

நீ என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாய். “உங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேம்மா. நான் உனக்காகக் கட்டல. யாருக்காகவும் கட்டல. எனக்குப் புடிச்சிருந்துது. அந்தப் பொண்ண வேற தாண்டிட்டேன். நான் யாரு தாண்டறதுக்கு?”

தெரியும் அண்ணா என்று சொன்னேன். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். நீலனை உன்னோடு உட்கார்ந்து பார்த்தவள் நான்தானே.

“நீயாச்சும் தெரிஞ்சிக்கினு இருக்கியே. போதும்,” என்றாய்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உன் போதாத காலம். அடுத்த வருஷமே இவள் பிறந்துவிட்டாள். நமக்கு டாக்டர் மருந்து கொடுத்தது தெரியும், ஊருக்கு அது தேவைப்படவில்லை. மாமன் கட்டிய வேஷம் பலித்துவிட்டது என்றார்கள். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் உன்னையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இவளுக்கு வேண்டுதல் பிள்ளை என்றே பெயர் நிலைத்தது.

நீ வேஷத்தை விடவும் இல்லை. ஊர் தப்பாக நினைக்கிறதென்று பிடித்ததை விடுவானேன் என்பாய். மாசியை விட்டுத் தள்ளி ஆடியில் கட்டிப் பார்த்தாய், ஆடி மாத வேண்டுதலா என்றார்கள். புரட்டாசியில் கட்டினால் பெருமாள் காவல்காரன் என்றார்கள். இந்த மண்ணில் சாமிக்கு ஒதுக்காத மாதம் ஒன்று உண்டா என்று நீயே சிரித்தாய். தவக்காலத்தில் கட்டினாய். உனக்குப் பழக்கமான சர்ச் தெரு வாத்தியார் வந்து, ஏசுவின் பாடுகளை நடிக்கிற தங்கள் பாஸ்கா நாடகத்தில் சாத்தானுக்கு ஆள் குறைகிறது, இந்தக் கோலத்திலேயே வந்து நின்றால் போதும் என்று கேட்டார். அவர் மேல் உனக்குக் கோபம் வரவில்லை. மற்றவர்கள் எல்லாம் சாமியாக்கினார்கள், இவர் ஒருவர்தான் மாற்றி யோசித்தார் என்றாய்.

ஆனால் சிரிப்பாகவே இருக்கவில்லை. கல்யாண வீடுகளில் உன் இலைக்கு மட்டும் பிரியாணி வராது. விரதக்காரர் என்று சொல்லி சாம்பார் சாதம் வைப்பார்கள். ஆட்டுக்கறி என்றால் உயிரை விடுகிற ஆள் நீ, தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரைச் சாப்பிடுவாய். கெடாரில் ஒரு பெண் பார்த்தோம், பெண்ணுக்கும் உன்னைப் பிடித்திருந்தது. வேண்டுதல் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். இல்லாத வேண்டுதல் எப்படி முடியும்? அவளை வேறு இடத்தில் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த இடமும் அப்படித்தான் நழுவியது. அம்மா அந்தக் குறையோடுதான் கண்ணை மூடினாள். என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கெடார்ப் பெண்தான் ஞாபகத்துக்கு வருவாள்.

அப்புறம் காலம் மாறியது. கார்ட்டூன்கள் தமிழ் பேச ஆரம்பித்தன. துணிக்கடைத் திறப்புக்குக் கரடி வேஷம், செல்போன் கடைத் திறப்புக்கு முயல் வேஷம் என்று ரோட்டோரம் நின்று கைகாட்ட ஆள் வைத்தார்கள். உன்னைப் பார்த்து வேண்டுதல் கேட்ட அதே ஊர், எந்தக் கடைப்பா என்று கேட்டது. ஒரு பிறந்தநாள் வீட்டுக்காரர், கேக் வெட்டும் நேரம் மட்டும் வந்து நின்றால் போதும், என்ன வாங்குவாய் என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. “பேஜாராப் போச்சும்மா. அவங்களாச்சும் சாமின்னாங்க.”

அந்த நாளில்தான் இவள் பெரியவளாகி, கம்ப்யூட்டரில் தேடி, மாமா, நீங்க பண்றதுக்கு உலகம் பூரா ஆள் இருக்காங்க என்று உன்னிடம் காட்டினாள். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் பெரிது பண்ணி, இந்தக் கவசத்தை எதில் செய்திருப்பான், இந்த இறக்கை எப்படி நிற்கிறது என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தாய். சென்னையில் ஒரு பெரிய மண்டபத்தில் இவர்கள் எல்லாரும் கூடுகிறார்கள் என்று அவள் சொன்னபோது, நாற்பதைத் தாண்டிய மனுஷன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி லீவு போட்டாய். புதிதாகக் கவசம் செய்தாய். மூன்று பேரும் போனோம்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் நீ நின்றுவிட்டாய். எங்கே பார்த்தாலும் இறக்கையும் கொம்பும் வாளும். யாரும் யாரையும் வேண்டுதல் கேட்கவில்லை. நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். உனக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நீ மூலையில் போய் நீலன் மாதிரி நின்றாய், காலை அகட்டி, வாளைத் தரையில் ஊன்றி, ஒரு வார்த்தை பேசாமல். அப்படி நிற்பதற்கு நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய்.

கையில் அட்டையோடு இரண்டு இளம்பிள்ளைகள் வந்தார்கள். எந்தத் தொடர், என்ன கேரக்டர், எத்தனையாவது பாகத்தில் வரும் உடை என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். உனக்குப் பெயர் தெரியாது. தொண்ணூற்று மூன்றில் டிஷ்ஷில் வந்தது என்றாய். இவளும் எத்தனையோ நாள் தேடிப் பார்த்தவள்தான், எங்கும் அகப்படவில்லை. பெயர் இல்லாவிட்டால் இந்தப் போட்டிக்குள் வராது அங்கிள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். உன்னைத் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு மனசில்லை. கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் மேடையில் கூப்பிட்டு, நம்ம மண்ணின் பாரம்பரியக் காளி வேஷத்தை இந்த மேடைக்குக் கொண்டுவந்த ஐயாவுக்கு என்று பொன்னாடை போர்த்தினார்கள். மண்டபமே எழுந்து கைதட்டியது. ஒரு பெண் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, அப்படியே செல்போனில் படமும் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பொன்னாடை உன் மடியில் மடித்து வைத்தபடி இருந்தது. அச்சிறுபாக்கம் தாண்டுகிற வரைக்கும் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

“அங்கயும் காளின்னுட்டாங்கம்மா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவள் முன்சீட்டில் அழுதேவிட்டாள். நீ அவள் தலையைத் தடவிக் கொடுத்து, போனால் போகட்டும் என்று சமாதானம் சொன்னாய். அதற்குப் பிறகு நீ வேஷம் கட்டவில்லை.

போன ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன், நாங்கள் திண்டிவனம் வந்து சேருவதற்குள் போய்விட்டாய். உன் சாவுக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கேபிள்காரனுக்கு இத்தனை கூட்டமா என்று போலீஸ்காரர் ஒருவரே கேட்டார். தங்கச்சிக்காக வேஷம் கட்டிய மகராசன் என்று முன்பின் தெரியாத பொம்பளைகள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். உன்னை அவர்கள் அப்படி மதித்தார்கள், அண்ணா. அது பொய்யான அழுகை இல்லை. நானும் அதில்தான் தேறினேன்.

கருமாதி அன்றைக்கே பெரியம்மா ஆரம்பித்துவிட்டாள். அவன் வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான், சென்னைக்குப் போய்வந்த பிறகு கட்டவே இல்லை, அதனால்தான் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று. பாக்கியை யார் தீர்ப்பது? பலனை அனுபவிக்கிறவள்தான் தீர்க்க வேண்டும். இவள் மயானக் கொள்ளைக்குக் காளி வேஷம் கட்ட வேண்டும், அதுவும் மூன்று வருஷம். இவளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பாக்கி, கணக்குப் பேப்பரில் மார்க் குறைந்தால் அந்தப் பாக்கி. இவளுடைய அப்பாவும் தலையாட்ட ஆரம்பித்தார். கல்லூரிப் போட்டிக்கு இவள் ஷீட் வாங்கிவந்து வெட்டுகிறாள் என்று கேள்விப்பட்டதும் பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அம்மனே கேட்டு வாங்குகிறாளாம்.

நேற்று அதைப் பேசி முடிக்கத்தான் வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து நாள் சொன்னாள், யார் அலங்காரம் பண்ணுவது என்று சொன்னாள், முதலில் இதைக் கட்டட்டும், பிறகு காலேஜில் என்ன வேண்டுமானாலும் ஆடட்டும் என்றாள். இவள் வெட்டிக்கொண்டிருந்த ஷீட்டைக் கீழே வைத்தாள். கையில் கத்திரிக்கோலோடு வந்து என் முன்னால் நின்றாள்.

“அம்மா, நீ சொல்லு. மாமா எனக்காகத்தான் கட்டினாரா?”

பெரியம்மா என்னைப் பார்த்தாள். இவளுடைய அப்பா என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சம் இல்லை. ஆமாம் என்றால் இவள் பிறந்த கடனைக் காலம் முழுக்கக் கட்டிக்கொண்டிருப்பாள். இல்லை என்றால் உனக்கு என்ன மிஞ்சும்? இந்த ஊர் உனக்குக் கொடுத்தது ஒரே ஒரு மரியாதை. பிரியாணியையும் பெண்டாட்டியையும் பிடுங்கிக்கொண்டு கொடுத்த மரியாதைதான், என்றாலும் அது ஒன்றுதான் உன் பேரில் இருக்கிறது. அதையும் நான் எடுத்துவிட்டால் நீ பொம்மைப் படம் பார்த்து வேஷம் போட்ட ஆள், அவ்வளவுதான்.

“இல்ல,” என்றேன். “உனக்காகக் கட்டல. எனக்காகவும் கட்டல. கட்டின மறுநாளே வூட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போச்சு அண்ணன்.”

பெரியம்மா நம்பவில்லை. வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்று அப்படிச் சொல்லியிருப்பான் என்றாள். நான் எதிர்பார்த்ததுதான். நான் விடவில்லை. நீலனைப் பற்றிச் சொன்னேன், டிஷ்ஷைப் பற்றிச் சொன்னேன், அந்தப் பெண்ணைத் தாண்டிவிட்டு நீ பயந்து ஓடிவந்ததைச் சொன்னேன், சென்னையில் பொன்னாடை போர்த்தியபோது உன் முகம் போன போக்கைச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“அப்ப இன்னாத்துக்குடி கட்டினான் எம்புள்ள? ஒண்ணுத்துக்கும் இல்லாமயா?”

“புடிச்சிருந்துது, பெரிம்மா. அவ்ளோதான்.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் இப்படி அழவில்லை. ஊரெல்லாம் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே அவள் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள், பாவம். சோறு போட்டேன், சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். இன்றைக்குள் காணையிலிருந்து கெடார் வரைக்கும் தெரிந்திருக்கும். உன்னைப் பைத்தியம் என்று சொல்வார்கள். சொல்லட்டும் என்று என்னால் இன்னும் நினைக்க முடியவில்லை.

இவள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அப்ப நான் சும்மாதான் பொறந்தேனா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள், அண்ணா. தலையிலிருந்து சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி, கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். நீ வேண்டிக்கொள்ளவில்லை என்பது ஒருத்திக்காவது நல்ல செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

போட்டியில் இவளுக்குப் பரிசு வராது. அவள் செய்வது நீலன். பெயர் கேட்பார்கள், இருக்காது. அவளுக்கு அது தெரியும், கவலைப்படவில்லை. எந்தக் கடைக்கு, எத்தனை லைக் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்கிறாள். அவளுக்கு வயசு இருக்கிறது. எனக்குத்தான் இந்தப் பதில் சொல்கிற வேலை அலுத்துப்போய்விட்டது.

இத்தனையும் சொல்லிவிட்டு, உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? உன்னைச் சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாய். தெரிந்துதான் வைத்திருக்கிறேன், யாரிடமும் மாற்றிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் கல்யாணமாகிப் பிள்ளை இல்லாமல், அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு பாத்திரம் தேய்த்த அந்த வருஷங்களில், எனக்காக ஒருவன் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வெயிலில் நடந்தான் என்று இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். நேற்று எல்லாருக்கும் முன்னால் இல்லை என்று அடித்துச் சொல்லும்போதும், நீ எனக்காகத்தான் கட்டியிருக்க வேண்டும் என்று என் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.